மக்கும் குப்பை ஏன் நாறுகிறது?

“மக்குற குப்பைதானே, எங்க போட்டாலும் மக்கிப் போகும்.” கல்யாண மண்டபத்து மிச்சத்தை இருட்டோடு இருட்டாக வாய்க்கால் கரையில் தட்டுகிறவர் இப்படித்தான் சொல்வார். காய்கறித் தோலையும் மீன் செதிளையும் ஒரே கவரில் முடிந்து குப்பை வண்டியில் போடுகிறவரும் மனசுக்குள் இதையேதான் சொல்லிக்கொள்கிறார்.

பேச்சில் பாதி சரி. உணவுக் கழிவு எங்கே கிடந்தாலும் சிதையத்தான் செய்யும். ஆனால் சிதைவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் போய்ச் சேரும் இடம் வேறு. ஒரே மரச்சீனித் (மரவள்ளி) தோல் ஒரு வழியில் போனால் மண்வாசனை வீசும் உரம். இன்னொரு வழியில் போனால் மூக்கைப் பொத்த வைக்கும் கறுப்புச் சகதி. எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றுதான்.

மரத்தடிக் கதம்பையும் காயலோரக் கதம்பையும்

தேங்காய் உரித்த கதம்பை தென்னை மூட்டில் கிடக்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறிப் படுகிறது. ஓரிரு வருடத்தில் கையால் நசுக்கினால் பொடியும் அளவுக்கு வந்துவிடும். அதனருகே போய் நின்றால் நாற்றம் என்று ஒன்றும் இருக்காது.

அதே கதம்பையைத் தும்பு, அதாவது நார், எடுப்பதற்காகக் கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி போன்ற காயலோரங்களில் ஊறப் போடுவார்கள். மிதக்காமல் இருக்க மேலே சேறும் பாரமும் வைத்து, ஆறு முதல் பத்து மாதம் வரை தண்ணீருக்குள் அமுக்கி வைப்பது வழக்கம். அந்தப் பக்கம் பேருந்தில் போனால்கூடத் தெரியும்: அழுகிய முட்டை நாற்றம், கறுத்த தண்ணீர். இத்தனை மாதம் ஊறியும் கதம்பை முழுதாகச் சிதைவதில்லை. நாரை ஒட்டிவைத்திருக்கும் பசை மட்டும் கரைகிறது. அடித்து எடுத்தால் தும்பு கயிறு திரிக்கும் பலத்தோடு வருகிறது.

ஆக, தண்ணீருக்குள் போன கதம்பை நாறவும் செய்கிறது, மக்கி முடியவும் இல்லை. சமையலறைக் கழிவின் கதையும் இதுதான்.

காற்று இருந்தால், இல்லாவிட்டால்

கழிவைச் சிதைப்பவை பாக்டீரியா, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள். ஒரு சிட்டிகை மண்ணிலேயே கோடிக்கணக்கில் இருப்பதால் இவற்றைக் கடையில் வாங்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

ஆக்சிஜன் கிடைத்தால் இவை கழிவிலுள்ள சர்க்கரை, மாவு, புரதம் எல்லாவற்றையும் தின்று சுவாசிக்கின்றன. வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடு, நீராவி, வெப்பம். இதுதான் காற்றுள்ள சிதைவு. மரத்தன்மை தரும் லிக்னின் என்ற கடினப்பொருளை உடைக்கும் பூஞ்சைகளுக்கும் ஆக்சிஜன் வேண்டும். காற்றில்லாத இடத்தில் தும்பு தப்பிப்பதற்குக் காரணம் இதுவே.

ஆக்சிஜன் தீர்ந்துபோனால் வேறொரு கூட்டம் பொறுப்பெடுக்கிறது. இது காற்றில்லாச் சிதைவு. முதலில் மாவும் சர்க்கரையும் அமிலங்களாகின்றன; புளித்த வாடை அங்கிருந்து வருகிறது. புரதத்தில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு ஆகிறது; அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. கடைசியில் மீத்தேன் வாயு. மீத்தேனுக்கு மணமே இல்லை, ஆனால் எரியும்.

காற்று எப்படித் தீர்ந்துபோகிறது? தண்ணீரால். ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. சோற்றுக் கட்டியின் மேல்பரப்பில் இருக்கும் உயிர்கள் கிடைத்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, நடுப்பகுதி மூச்சடைத்துப் போகிறது. காய்கறிக் கழிவின் எடையில் 80 முதல் 90 விழுக்காடு நீர் என்பதால், கவரில் கட்டிய கழிவு சில மணி நேரத்திலேயே காயலோரக் கதம்பையின் கதிக்கு வந்துவிடும்.

இதுவரை: காற்று கிடைத்தால் நாற்றமில்லாமல் மக்கும். கிடைக்காவிட்டால் அமிலம், நாற்றம், மீத்தேன். காற்றை அடைப்பது பெரும்பாலும் ஈரம்.

கிடங்கில் குவிந்த கழிவு

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன். இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதியும் இதில் சேர்த்தி. நாலு பேர் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் தினம் 600 கிராம். பெரிதாகத் தோன்றாது. ஊர் முழுக்க ஒரே குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் சிக்கல்.

கிடங்கில் மேலே மேலே கொட்டக் கொட்ட அடியில் இருப்பது நசுங்கி, காற்று போக வழியில்லாமல் மீத்தேன் உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 முதல் 30 மடங்கு வரை பூமியைச் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு அளவுக்கு. நாகர்கோவில் வலம்புரிவிளைக் கிடங்கில் தீ என்று செய்தி வரும்போது “யாரோ கொளுத்திப் போட்டார்கள்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பொறி எங்கிருந்து வந்தாலும், உள்ளே மீத்தேனும் வெப்பமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்திருப்பதால்தான் மேலே தண்ணீர் அடித்த பிறகும் அடியில் நாள்கணக்கில் புகைகிறது.

கிடங்கில் எல்லாம் மக்கிவிடும் என்ற நம்பிக்கையையும் ஒரு ஆய்வு ஆட்டம் காண வைத்தது. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973இல் குப்பை ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். பிறகு அவருடைய குழு பழைய குப்பைமேடுகளையே தோண்டிப் பார்த்தது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் எழுத்து கலையாமல், படிக்கும் நிலையில் கிடைத்தன. தும்பு தப்பியதைப் போலவே காகிதமும் தப்பியிருக்கிறது.

“மக்கும் கவர்” பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சான்றிதழ் பெற்ற உரமாகும் பிளாஸ்டிக், 58 டிகிரி அளவுக்குச் சூடு நிலைக்கும் தொழிற்சாலை உரக்குவியலை மனதில் வைத்துச் சோதிக்கப்படுவது. வீட்டு டிரம்மிலோ வாய்க்காலிலோ அது பெரும்பாலும் நெடுநாள் அப்படியே கிடக்கும்.

பச்சையும் காய்ந்ததும்: ஒரு கணக்கு

காற்று மட்டும் இருந்தால் போதாது, நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு சரியான விகிதத்தில் வேண்டும். கார்பனை எரித்துச் சக்தி எடுக்கின்றன, நைட்ரஜனைக் கொண்டு உடம்பு வளர்க்கின்றன. கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்பதே கார்பன்-நைட்ரஜன் விகிதம். மக்குவதற்குத் தோதான அளவு 25 முதல் 30 வரை.

காய்கறிக் கழிவில் இது 15 முதல் 20 வரை. மீன் கழிவில் 4 அல்லது 5தான். காய்ந்த இலைச் சவறில் 40 முதல் 80 வரை, தும்புத் தூளில் 100ஐ ஒட்டி, மரத்தூளில் 300க்கும் மேலே. அடுக்களையிலிருந்து வருவதெல்லாம் நைட்ரஜன் மிகுந்தது, முற்றத்தில் கூட்டுவதெல்லாம் கார்பன் மிகுந்தது. இரண்டையும் கலக்க வேண்டிய காரணம் இவ்வளவுதான்.

ஒரு கிலோ காய்கறிக் கழிவை எடுத்துக்கொள்வோம். நீர் போக மிஞ்சுவது சுமார் 150 கிராம். அதில் கார்பன் 60 கிராம், நைட்ரஜன் 4 கிராம், விகிதம் 15. இதோடு கால் கிலோ சவறு சேர்த்தால் கார்பன் 100 கிராமும் நைட்ரஜன் ஒன்றே முக்கால் கிராமும் கூடுகின்றன. மொத்தம் 160க்கு 5.7, அதாவது 28. கச்சிதம். கால் கிலோ சவறு என்பது பார்வைக்கு நிறைய. ஒரு கிலோ கழிவு நிறைக்கும் பாத்திரத்தைப் போல இரண்டு பாத்திரம் வரும். “பச்சை ஒரு பங்கு, காய்ந்தது இரண்டு பங்கு” என்று எல்லோரும் சொல்வது பாத்திர அளவில்தான். எடையில் இரண்டு பங்கு போட்டால் எதுவும் நகராது.

இந்தக் கலவையிலும் நீர் 70 விழுக்காடு நிற்கும். மக்குவதற்கு 50 முதல் 60 வரை போதும். வெயில் நாளில் மிச்சம் தானே ஆவியாகிவிடும். மழை நாளில் ஆகாது. அப்போது கிலோவுக்கு 400 கிராம் சவறு போட வேண்டும்.

சுருக்கமாக: சவறு இரண்டு வேலை பார்க்கிறது. கார்பன் கொடுக்கிறது, ஈரத்தை உறிஞ்சி இடையில் காற்றுக்கு இடம் விடுகிறது.

வீட்டு டிரம்

நாலு பேர் வீட்டுக்கு 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் மூன்று. ஒன்று நிறைய ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும், ஏனென்றால் போடுவது ஒருபக்கம் அமுங்கிக்கொண்டே வரும். மூன்றாவது நிறையும்போது முதலாவது மூன்று மாதம் ஓய்வெடுத்திருக்கும்.

சுற்றிலும் நாலு விரற்கடைக்கு ஒன்றாக 8 மில்லிமீட்டர் துளைகள், அடியில் ஐந்தாறு. துரப்பணம் இல்லையென்றால் பழுக்கக் காய்ச்சிய கம்பி போதும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் ஒரு தட்டு. டிரம்மின் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கதம்பைத் துண்டுகள். கீழ்த் துளைகள் அடையாமல் இருப்பதற்கு. இறவாரத்தின் கீழே, சாரல் படாத நிழலில் வைக்க வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் ஓரம் காய்ந்து நடு மட்டும் ஈரமாக நிற்கும்.

கழிவைத் தண்ணீர் வடித்து, பெருவிரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுவது நல்லது. ஏத்தங்காய்த் தோல், சக்கை (பலா) மடல், வாழைத்தண்டு மூன்றையும் நறுக்காமல் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே தெரியும். சக்கை சீசனில் மடலை ஒரு நாள் வெயிலில் வாட்டிவிட்டுப் போடலாம், ஈரம் பாதியாகும். ஒவ்வொரு நாளும் கழிவின் மேல் சவறு மூடியிருக்க வேண்டும். ஈ முட்டையிட வருவது திறந்து கிடக்கும் பச்சைக் கழிவில்தான். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கம்பால் அடியோடு கிளற வேண்டும். பலர் வழுக்குவது இந்த இடத்தில்: மேலே ஒரு சாண் ஆழம் மட்டும் கிளறிவிட்டு, கீழே காற்றில்லாமல் கறுத்துக் கிடப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் டிரம்முக்கு இரண்டு கை தோட்டத்து மண்ணோ, கொஞ்சம் சாணக் கரைசலோ, புளித்த மோரோ விட்டால் போதும். அடுத்தடுத்த டிரம்முக்கு முந்தினதிலிருந்து ஒரு கை. சிரட்டை, எலும்பு, எண்ணெய் வடியும் பொரியல், கருவாடு, ஊறுகாய் வேண்டாம். எண்ணெய் காற்றைத் தடுக்கும், உப்பு உரத்தில் தங்கிச் செடியைச் சுடும். சிரட்டையை அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் கன்னியாகுமரி. ஜூன் பிறந்தால் காய்ந்த இலைக்குப் பஞ்சம். மழை நாள் கணக்கில் மாதம் 7 கிலோ என்று வைத்தால் டிசம்பர் வரை சுமார் 50 கிலோ சவறு கையிருப்பு வேண்டும். ரப்பர் இலை உதிரும் ஜனவரி, பிப்ரவரியில் சாக்கில் அமுக்கி, நனையாத இடத்தில் அடுக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் டிரம் நாறுகிறது என்று கைவிடும் வீடுகளில் முக்கால்வாசி, இந்தச் சாக்கு மூட்டைகள் இல்லாத வீடுகள். தும்புத் தூளும் கைகொடுக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். ஆனால் அதை மட்டுமே போட்டால் படிந்து இறுகிக் காற்றை அடைத்துவிடும், இலையோடு கலந்தே போட வேண்டும்.

மூக்கை வைத்துக் கோளாறு பார்ப்பது

அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றோட்டம் நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அடித்துளை அடைத்திருக்கும். கவிழ்த்து, சவறு சேர்த்துப் பிசறித் திரும்ப நிரப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. மேலே வாசனைத் தூள் தூவுவதெல்லாம் வீண். கண்ணைக் கரிக்கும் அமோனியா வாடை வந்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது. மீன், பருப்பு, கோழிக் கழிவு போட்டதன் விளைவு. இரண்டு கை மரத்தூள் கலந்தால் ஓரிரு நாளில் அடங்கும். புளித்த கள் போல வாடையடித்தால் சோறு கட்டியாகக் கிடக்கிறது. உடைத்துப் பரப்பி, ஒரு பிடி அடுப்புச் சாம்பல் தூவலாம்.

வாடையும் இல்லை, மாற்றமும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு நீர் வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் கஞ்சித்தண்ணீர் தெளிக்க வேண்டும்.

பிறகு, புழு. தட்டையாக, சாம்பல் பழுப்பு நிறத்தில், விரல்நுனி நீளத்துக்குக் கூட்டமாகத் தெரிந்தால் பயந்து டிரம்மைக் கொட்டிவிடாதீர்கள். அவை கறுப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். கழிவை வெகு வேகமாகத் தின்று தீர்ப்பவை. வளர்ந்த ஈ வீட்டு ஈயைப் போலச் சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை. கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தப் புழு நல்ல தீனி. இவை பெருகுவது ஈரமும் புரதமும் கூடியிருப்பதற்கான அடையாளமும்கூட. பிடிக்காதவர்கள் சவறைக் கூட்டினால் குறைந்துவிடும்.

மீன் கழிவுக்குத் தனிக் கணக்கு

குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும் மீன் இறங்கும் மாவட்டத்தில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. மேலே போட்ட அதே கணக்கை ஒரு கிலோ மீன் கழிவுக்குப் போட்டால், ஏறக்குறைய மூன்று கிலோ சவறு தேவைப்படும். பார்வைக்கு அது ஒரு சாக்கு. வீட்டு டிரம் தாங்காது. செதிளும் குடலும் சிறிதளவு என்றால் தென்னை மூட்டிலிருந்து நாலடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மண்ணை நன்றாக மிதித்துவிட வேண்டும். மேலோட்டமாகப் புதைத்தால் அன்று ராத்திரியே நாய் தோண்டும்.

இன்னொன்று மீன் அமிலம். கழிவும் வெல்லமும் சம எடை, மூடிய பாத்திரத்தில் மூன்று நான்கு வாரம். இவ்வளவு சர்க்கரை சேர்ந்தால் அழுகவைக்கும் பாக்டீரியாவுக்கு நீர் கிடைக்காமல் போகிறது. கூடவே அமிலமும் உண்டாவதால் அழுகல் தடைபடுகிறது. வெல்லத்தில் சிக்கனம் பிடித்தால் நாறும், தவறு பெரும்பாலும் அங்கேதான். வடித்த நீரை லிட்டருக்கு 5 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம். கருப்பட்டி இதற்கு வேண்டாம், இன்றைய விலைக்கு அது காப்பிக்கே இருக்கட்டும்.

வேண்டுமென்றே காற்றை அடைப்பது

காற்றில்லாச் சிதைவு கெட்டது என்று தோன்றலாம். திறந்தவெளியில் கெட்டது, மூடிய கலனில் அதுவே அடுப்புக்கு எரிவாயு. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம், சமையலறைக் கழிவில் இயங்கும் ‘சக்தி சுரபி’ கலனை உருவாக்கியது. சாண எரிவாயுக் கலன்களில் நெடுநாள் வேலை பார்த்த அந்த அமைப்புக்கு 2006இல், எரிசக்தித் துறைப் பணிகளுக்குத் தரப்படும் ஆஷ்டன் விருதும் கிடைத்தது.

ஐந்து கிலோ கழிவில் சுமார் அரை கன மீட்டர் வாயு எதிர்பார்க்கலாம். சிலிண்டர் வாயுவோடு ஒப்பிட்டால் 200 கிராமைச் சற்றுத் தாண்டும். தினம் 600 கிராம் கழிவு வரும் வீட்டுக்கு இது கட்டுபடியாகாது. விடுதி, உணவகம், கூட்டுக் குடும்பம், பக்கத்து நாலு வீட்டுக் கழிவும் வாங்கிக்கொள்கிறவர்கள் என்றால் யோசிக்கலாம்.

தொடங்கும்போது கலனைச் சாணக் கரைசலால் நிரப்ப வேண்டும், மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் அதிலிருந்துதான் வருகின்றன. முதலில் வரும் வாயுவில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. எரியாது, வெளியே விட்டுவிடலாம். நீலச் சுடர் வந்த பிறகு அரைத்த கழிவைச் சம அளவு தண்ணீரோடு, அரைக் கிலோவில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். அமிலம் உண்டாக்கும் கூட்டம் வேகமானது, அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்கும் கூட்டம் மந்தமானது. விருந்து நடந்த மறுநாள் பத்து கிலோ சோற்றை ஒரேயடியாகப் போட்டால் உள்ளே அமிலம் தேங்கி, மந்தமானவை செத்துப்போகும். சுடர் மங்கி, கரைசல் புளித்து நாறினால் ஒரு வாரம் ஒன்றும் போடாமல் சாணக் கரைசல் மட்டும் ஊற்றிப் பார்க்க வேண்டும். எலுமிச்சைத் தோல், வெங்காயத் தோல், முட்டைத் தோடு, தும்பு இவற்றுக்கு உள்ளே இடமில்லை. 30 முதல் 35 டிகிரி வெப்பம் இதற்கு ஏற்றது என்பதால் நம் சமவெளிப் பகுதிகளில் வருடம் முழுக்க வேலை செய்யும்.

உரம் தயாரா?

டிரம்முக்குத் திரும்புவோம். ஒரு கிலோ கழிவு கடைசியில் 150 முதல் 250 கிராம் உரமாக நிற்கும். கறுப்பாகிவிட்டது என்பதற்காகத் தயார் என்று நினைக்கக் கூடாது. பாதி மக்கியதைத் தொட்டியில் போட்டால் நுண்ணுயிர்கள் மிச்சக் கார்பனைத் தின்பதற்காக மண்ணிலிருக்கும் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். செடியின் அடியிலைகள் மஞ்சளாகும். பழியை உரத்தின் மேல் போட்டு, யூரியா வாங்கப் போகிறவர்கள் உண்டு.

சோதிப்பது சுலபம். ஒரு கைப்பிடியை நனைத்து, சிறு டப்பாவில் இறுக மூடி மூன்று நாள் வைத்துத் திறந்தால் மண்வாசனைதான் வர வேண்டும். அடுத்து, ஒரு சிரட்டையில் உரம், இன்னொன்றில் தோட்டத்து மண், இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயம். நாலைந்து நாளில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முளைத்தால் எடுத்துப் போடலாம். உரத்தில் மட்டும் முளை கருகினால் இன்னும் மூன்று வாரம் மூடி வையுங்கள். சலித்த உரம் ஒரு பங்குக்கு மண் இரண்டு பங்கு என்று தொட்டிக்குக் கலக்கலாம். சல்லடையில் நின்ற கட்டைகளும் மடல் துண்டுகளும் அடுத்த டிரம்மின் அடிக்குப் போகட்டும்.